எக்ஸ்பி: ஓய்வு பெற்ற பிறகும் வேலை பார்க்கும் ஒரு மென்பொருளின் வரலாறு



வரும் ஆண்டுப் பொதுக்குழுவின் பொருள் நிரலில் ஐந்தாவதாக "சங்க அலுவலகக் கணினி" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2006-ல் வாங்கிய அந்தக் கணினி இன்றும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. "பாதுகாப்பே கிடையாது, தூக்கிப் போடுங்கள்" என்கிறார்கள் ஒரு சாரார். "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு வீண் செலவு?" என்கிறார்கள் இன்னொரு சாரார். அந்தப் பெட்டிக்குள் இருபது ஆண்டுப் பராமரிப்புக் கணக்கும், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும், யார் எவ்வளவு வைப்புத்தொகை கட்டினார்கள் என்ற பட்டியலும் இருக்கின்றன. அதனால் இதைக் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு முடித்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. முடிவு எடுக்கும் முன், இந்த எக்ஸ்பி எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு நாள் நிலைத்தது, அதை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் கணினி படித்தவன் அல்லன். வணிகவியல் பட்டதாரி, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்குப் பிள்ளையின் கண்ணோட்டத்தில்தான் எழுத முடியும்.

எக்ஸ்பிக்கு முன்

இயங்குதளம் என்பது கணினியின் அலுவலக மேலாளர் மாதிரி. நாம் நேரடியாகப் பயன்படுத்துவது கணக்கு மென்பொருளையோ தட்டச்சு மென்பொருளையோதான். ஆனால் யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு வட்டில் எங்கே, அச்சுப்பொறி இப்போது யாருடைய வேலையைச் செய்வது என்பதையெல்லாம் பின்னால் இருந்து நிர்வகிப்பது இயங்குதளம்.

நம் நாட்டு வங்கிகளுக்குக் கணினி வந்த கதை 1980-களில் தொடங்குகிறது. 1983-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. 1984-ல் டாக்டர் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது. அதன் பயனாகக் கிளைகளுக்கு வந்தவைதான் ஏ.எல்.பி.எம். எனப்பட்ட லெட்ஜர் பதியும் இயந்திரங்கள். 1998-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், 2001 ஜனவரி 1-க்குள் வங்கி வணிகத்தில் 70 சதவீதமாவது கணினிக்கு மாற வேண்டும் என்று கெடு விதித்தபின் வேகம் கூடியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள், மாலையில் 'டே எண்டு' முடியும்வரை வீட்டுக்குப் போக முடியாத நிலை, எல்லாம் என் தலைமுறை ஊழியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று வீட்டுக்கானது: டாஸ் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட விண்டோஸ் 95, 98, 2000-ல் வந்த மில்லெனியம் பதிப்பு. இன்னொன்று அலுவலகத்துக்கானது: டேவ் கட்லர் என்ற பொறியாளர் தலைமையில் புதிதாக எழுதப்பட்டு 1993-ல் வெளிவந்த விண்டோஸ் என்.டி., அதன் வாரிசான விண்டோஸ் 2000. முதல் குடும்பம் விலை குறைவு, விளையாட்டுகள் எல்லாம் ஓடும். ஆனால் அடிக்கடி படுத்துக்கொள்ளும். இரண்டாவது உறுதியானது, ஆனால் வீட்டு உபயோகத்துக்கு ஒத்துவராது.

முதல் குடும்பத்தின் பலவீனத்துக்கு ஓர் உதாரணம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு கோளாறு இருந்தது: கணினியை அணைக்காமல் தொடர்ந்து ஓடவிட்டால் 49.7 நாளில் அது உறைந்து நின்றுவிடும். காரணம் ஒரு கணக்கு. கணினி தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்று எண்ணும் பதிவேட்டில் 32 இடங்கள்தான் உண்டு. அதில் அடங்கும் எண்ணிக்கை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிசெகண்டு. வகுத்துப் பாருங்கள், 49.7 நாள் வரும். லெட்ஜரில் தொகை எழுதும் கட்டம் போதாமல் எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோளாறு 1999-ல்தான் வெளியே தெரியவந்தது. அதற்கு முன் 49 நாள் தொடர்ச்சியாக ஓடிய விண்டோஸ் 95-ஐப் பார்த்தவர்கள் அரிது!

2001 அக்டோபர் 25

இந்த இரண்டு குடும்பங்களையும் சேர்த்துவைத்த கல்யாணம்தான் விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. உறுதியான என்.டி. அடித்தளம் முதன்முறையாக வீட்டுக் கணினிக்கு வந்தது. கேட்டதும் அதிகமில்லை: 64 எம்.பி. நினைவகம் இருந்தால் ஓடும், 128 இருந்தால் நல்லது. வட்டில் ஒன்றரை ஜி.பி. இடம். இன்றைய விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. இடமும் தேவை. அதாவது நினைவகத்தில் மட்டும் 64 மடங்கு.

பச்சைப் புல்வெளிக் குன்றும் நீல வானமும் உள்ள அந்தத் திரைப் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பலர் அதைக் கணினியில் வரைந்த படம் என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் அது சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டச் சாலையோரம் நின்று ஃபிலிம் கேமராவில் எடுத்த படம்.

தமிழுக்கும் எக்ஸ்பி காலம் ஒரு திருப்பம். அதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஓரிடத்தில் தட்டச்சு செய்ததை இன்னோரிடத்தில் திறந்தால் கோழி கிறுக்கியது போல இருக்கும். விண்டோஸ் 2000-லும் எக்ஸ்பியிலும் யூனிகோடு தமிழும் 'லதா' எழுத்துருவும் உடன் வந்தன. ஆனால் எக்ஸ்பியில் அது தானாக வேலை செய்யாது. கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் மூல சிடியைக் கேட்கும். சிடி யாரிடம் இருக்கும்? விற்ற கடைக்காரரிடம்! அதற்காகவே ரிச்சி தெருவுக்கு நடந்தவர்கள் உண்டு. பிறகு இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்கள் வந்து வேலையை எளிதாக்கின. நம் சங்கத்தின் ஆரம்ப காலத் தீர்மானங்கள் யூனிகோடில் இல்லை, பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அறுபது விநாடி

எக்ஸ்பி உறுதியானதுதான், பத்திரமானதாக இருக்கவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியது. திரையில் ஒரு பெட்டி தோன்றும். 60 விநாடியிலிருந்து இறங்குமுகமாக எண்ணும். பூஜ்யத்தில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். மறுபடி இணையத்தோடு இணைத்தால் மறுபடி அறுபது விநாடி. விஷயம் தெரிந்தவர்கள் ரன் பெட்டியில் 'ஷட்டவுன்' கட்டளையை நிறுத்தக் குறியோடு அவசரமாகத் தட்டி எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் திருத்தத்தை இறக்கிப் போடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது தேதிகளை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை, அதாவது 'பேட்ச்' என்று சொல்வதை, வெளியிட்டது ஒரு நாள். அந்த ஓட்டை வழியாகப் புழு வந்தது இன்னொரு நாள். பாஸ்புக் மாதிரி எழுதிப் பார்த்தால்:

பிளாஸ்டர்: திருத்தம் 2003 ஜூலை 16, புழு ஆகஸ்ட் 11. இடைவெளி 26 நாள்.

சாஸர்: திருத்தம் 2004 ஏப்ரல் 13, புழு ஏப்ரல் 30. இடைவெளி 17 நாள்.

கான்ஃபிக்கர்: திருத்தம் 2008 அக்டோபர் 23, புழு நவம்பர். இடைவெளி ஏறத்தாழ ஒரு மாதம்.

வானாக்ரை: திருத்தம் 2017 மார்ச் 14, தாக்குதல் மே 12. இடைவெளி 59 நாள்.

நான்கு முறையும் மருந்து முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. மருந்தைச் சாப்பிடாதவர்களுக்கே நோய் வந்தது. இன்னும் ஒன்று: திருத்தம் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று கெட்டவர்களுக்கும் தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் வெளியான நாள் முதல் அதைப் போடாதவர்களின் ஆபத்து கூடுகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தின் அடிப்படைச் சிக்கலும் இதுவே. அடுத்து வந்த பதிப்புகளுக்குத் திருத்தம் வரும்போதெல்லாம், அதே ஓட்டை பழையதிலும் இருந்தால் அது ஊரறிந்த ரகசியம் ஆகிவிடும்; பழையதற்கோ மருந்து கிடையாது.

பிளாஸ்டர் கொடுத்த அடிக்குப் பிறகு 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. எக்ஸ்பியின் உள்ளேயே இருந்த ஃபயர்வால் அதுவரை அணைந்தே கிடந்தது. இதில்தான் தானாகவே இயங்கத் தொடங்கியது. வாசலில் காவலாளியை நியமித்திருந்தும் தூங்கவிட்டிருந்தது போன்ற நிலை அதோடு மாறியது. 2008-ல் கடைசியாக சர்வீஸ் பேக் 3. பென் டிரைவைச் சொருகியவுடன் அதிலிருப்பது தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதியை நிறுத்தும் திருத்தம் 2011 பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குள் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பென் டிரைவ் கொடுத்து வைரஸ் வாங்கி வராதவர்களே இல்லை எனலாம்.

ஏன் யாரும் விடவில்லை?

2007 ஜனவரியில் எக்ஸ்பிக்கு வாரிசாக விஸ்டா வந்தது. அது கேட்ட நினைவகமும் வேகமும் அன்றைய கணினிகளில் இல்லை. பழைய பிரிண்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் உரிய டிரைவர்கள் கிடைக்கவில்லை. மக்கள் திரும்ப எக்ஸ்பிக்கே ஓடினார்கள். அதே சமயம் விலை குறைந்த சிறிய நெட்புக் கணினிகள் வந்தன. அவற்றில் விஸ்டா மூச்சு வாங்கும் என்பதால் அவற்றுக்காக எக்ஸ்பி விற்பனை நீட்டிக்கப்பட்டது. 2009 அக்டோபரில் நல்ல பெயரோடு விண்டோஸ் 7 வந்தபோது எக்ஸ்பிக்கு எட்டு வயது. ஆனால் அலுவலகங்களில் அது வேரூன்றிவிட்டது.

வேர் என்று சொன்னது இயங்குதளத்தைப் பற்றி மட்டும் அல்ல. பெரும்பாலோர் பிடித்துக்கொண்டிருந்தது எக்ஸ்பியை அல்ல, எக்ஸ்பியில் மட்டும் ஓடும் ஏதோ ஒன்றை. ஒரு ஸ்கேன் சென்டரில் இயந்திரத்தோடு வந்த மென்பொருள், ஒரு தொழிற்சாலையில் லேத்தை இயக்கும் நிரல், ஒரு கடையில் பில் போடும் நிரல். எழுதிக் கொடுத்தவர் எங்கோ போய்விட்டார். மூல நிரலும் இல்லை. இயந்திரம் லட்சக்கணக்கில், அதை நடத்தும் கணினியை மாற்றினால் இயந்திரம் பேசாது. மைக்ரோசாஃப்டே இதை உணர்ந்து விண்டோஸ் 7-இன் அலுவலகப் பதிப்புக்கு 'எக்ஸ்பி மோடு' என்ற வசதியைக் கொடுத்தது: புதிய கணினிக்குள் ஒரு ஜன்னலில் பழைய எக்ஸ்பி முழுதாக ஓடும்.

பணம் கொடுக்கும் பெட்டிகள்

ஏ.டி.எம். இயந்திரத்துக்குள்ளும் ஒரு சாதாரணக் கணினிதான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முன்பு உலகின் ஏராளமான ஏ.டி.எம்.களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.2 என்ற இயங்குதளம் ஓடியது. 1987-ல் பிறந்த அது வீடுகளில் விண்டோஸிடம் தோற்றது. ஆனால் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்பதால் வங்கிகளில் தங்கியது. 2006 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஐ.பி.எம். அதற்கான ஆதரவை நிறுத்தியது. அந்த முடிவு நெருங்கிய ஆண்டுகளில் ஏ.டி.எம்.கள் கூட்டம் கூட்டமாக எக்ஸ்பிக்கு மாறின. அதாவது ஒரு முதியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓய்வுக்கு ஏழெட்டு ஆண்டுகளே மீதமிருந்த இன்னொருவரை நியமித்தார்கள்.

2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தது. தேதி திடீரென்று வந்ததல்ல, ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்ததுதான். ஆனாலும் பலர் தயாராக இல்லை. பிரிட்டிஷ் அரசு தன் துறைகளுக்காக ஓராண்டுக்குத் தனியாகத் திருத்தம் பெற சுமார் 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. மறு ஆண்டு அதைப் புதுப்பிக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை 2015-ல் எக்ஸ்பி உள்ளிட்ட பழைய மென்பொருள்களின் ஆதரவுக்காக 90 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. தமிழ்நாடு அரசு வேறு வழியில் யோசித்தது: சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இலவச 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி 2014-ல் தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது.

நம் ஏ.டி.எம்.கள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலிலேயே கவலை தெரிவித்து வங்கிகளுக்கு எழுதியது. வேகம் போதவில்லை என்பதால் 2018 ஜூன் 21 அன்று கெடுவோடு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் இரண்டு பகுதி. முதலாவது உடனடி வேலைகள், ஆகஸ்டுக்குள்: பயாஸ் கடவுச்சொல், யு.எஸ்.பி. துளைகளை முடக்குவது, ஆட்டோரன் நிறுத்துவது, கிடைக்கும் திருத்தங்களைப் போடுவது. இரண்டாவது இயங்குதளத்தையே மாற்றுவது: 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் 100 சதவீத ஏ.டி.எம்.கள். அனுமதிக்கப்பட்ட நிரல்கள் மட்டும் ஓடும்படி பட்டியல் போட்டுக் கட்டுப்படுத்துவதற்கும் தனிக் கெடு இருந்தது. இந்தச் சுற்றறிக்கையின் அமைப்பு எனக்குப் பிடிக்கும். "மாற்று" என்று மட்டும் சொல்லவில்லை. மாற்றும்வரை பழையதை எப்படிக் காப்பது என்றும் சொன்னது. நம் சங்கத்துக்கும் அதே வரிசை பொருந்தும்.

2017 மே 12

அன்று வெள்ளிக்கிழமை. வானாக்ரை என்ற நிரல் உலகெங்கும் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அதிகம் பாதிக்கப்பட்டன. அந்நாட்டுத் தணிக்கை அலுவலக அறிக்கையின்படி இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81-இல் பாதிப்பு. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பீடு. நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும் மாட்டின. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், அந்த நிரல் தேடிக்கொண்டிருந்த ஓர் இணைய முகவரியைச் சுமார் பத்து டாலர் செலவில் பதிவு செய்தார். அதோடு பரவல் அடங்கியது. முகவரி இருந்தால் நின்றுவிடும்படி அந்த நிரலிலேயே எழுதியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் தன் விதியை மீறி, மூன்றாண்டுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் வேறோர் ஆபத்தான ஓட்டைக்காக மறுபடியும் ஒருமுறை கொடுத்தது.

அன்று எல்லோரும் பழியை எக்ஸ்பி மேல் போட்டார்கள். ஆனால் பிறகு எண்ணிப் பார்த்தபோது, அந்த மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது, திருத்தமும் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது, யாரும் போடவில்லை. எக்ஸ்பி கணினிகள் பலவற்றில் அந்தப் புழு ஒழுங்காகப் பரவக்கூட முடியாமல் நீலத்திரையில் நின்றுபோனது. ஆகவே புதிய இயங்குதளம் வாங்கினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது, பராமரிக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் வானாக்ரை தந்த கணக்கு. நம் பொதுக்குழுவில் புதுக் கணினி கேட்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இந்த ஒரு வரியை யோசிக்க வேண்டும்.

பழைய கணினிக்கு வரும் நோய்கள்

இருபது வயது எக்ஸ்பி கணினி நின்றுபோனால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி எக்ஸ்பி அல்ல, வன்பொருள்தான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று, பழைய மெக்கானிக்குகள் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

தேதி மாறிவிடுதல்: தாய்ப்பலகையில் ரூபாய் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கணினி அணைத்த ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். ரசீது தப்பான தேதியில் அச்சாகும். கணக்கு வரிசை குலையும். பேட்டரியின் விலை மிகக் குறைவு. கவனிக்காவிட்டால் தணிக்கையில் விளக்கம் சொல்லி மாளாது.

"என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்": இந்த வரியைப் பார்த்ததும் பயந்து ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் சொருகியிருக்கும் பென் டிரைவையோ ஃபிளாப்பியையோ எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பல நேரம் கணினி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதில் போய் எக்ஸ்பியைத் தேடிக்கொண்டிருக்கும்.

தொடங்கும்போதே நின்றுபோதல்: எஃப் 8 விசையை அழுத்திக்கொண்டே தொடங்கினால் ஒரு பட்டியல் வரும். 'லாஸ்ட் நோன் குட்' என்பதை முதலில் முயலலாம். பிறகு 'சேஃப் மோடு'. சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால், அண்மையில் போட்ட மென்பொருள் அல்லது டிரைவர் மீது சந்தேகப்படலாம்.

திடீரென அணைதல்: பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் மின்விசிறியில் கம்பளி போலத் தூசி இருக்கும். தாய்ப்பலகையில் சிறு டப்பா வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அந்தப் பலகையின் காலம் முடியப்போகிறது. 2000-களின் முதல் பாதியில் செய்த பலகைகளில் இந்தக் கோளாறு உலகம் முழுக்கப் பிரசித்தம்.

பீப் சத்தம், திரை கறுப்பு: ரேம் பலகையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், பெரும்பாலும் பலிக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் ஒலி: இது மட்டும் விளையாட்டல்ல. உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பதும், வட்டைச் சோதிக்கும் கட்டளை கொடுப்பதும் கூடாது. முதலில் நகல், பிறகுதான் பழுதுபார்ப்பு.

இணையத் தளங்கள் திறக்காமல் போதல்: இது பழுதல்ல, வயது. இன்றைய தளங்கள் பயன்படுத்தும் பூட்டு முறையை எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 அறியாது. குரோம் 2016-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2018-லும் எக்ஸ்பியைக் கைவிட்டன. அதை வலுக்கட்டாயமாக இணையத்தில் ஓட்ட முயல்வதைவிட, வயரையே கழற்றிவிடுவது நல்லது.

வங்கியில் இருந்த ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் நகல் எடுப்போம். மூன்று தொகுதி ஃபிளாப்பிகள் சுழற்சியில் இருக்கும். இன்றையது மகன், நேற்றையது தந்தை, முந்தாநாளையது தாத்தா. மகன் படிக்காவிட்டால் தந்தை, தந்தையும் கெட்டுப்போனால் தாத்தா. ஒரு தொகுதி எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்கும். ஃபிளாப்பி போய்விட்டது, விதி போகவில்லை.

நம் அலுவலகக் கணினிக்கு

மேலே சொன்ன வரலாற்றை வைத்துப் பார்த்தால் "வைத்துக்கொள்வதா, எறிவதா" என்று கேட்பதே சரியல்ல. கணினி வேறு, பதிவேடு வேறு. கணினி இன்றைக்கோ நாளைக்கோ போகத்தான் போகிறது. பதிவேடு போகக் கூடாது. 2006-ல் கழிவுநீர் இணைப்புக்காக வைப்புத்தொகை கட்டியவர்களில் சிலர் வீட்டை விற்றுவிட்டார்கள், சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களின் வாரிசு வந்து கேட்டால் காட்ட வேண்டிய ஒரே ஆவணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே பொதுக்குழுவின் பரிசீலனைக்கு, ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போலவே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. இந்த வாரமே: இணைய வயரைக் கழற்றிவிடுவது. ஹார்ட் டிஸ்க்கின் முழு நகலை இரண்டு வெளி வட்டுகளில் எடுத்து, ஒன்றைச் செயலாளரிடமும் ஒன்றைப் பொருளாளரிடமும் வைப்பது. கடிகாரப் பேட்டரியை மாற்றுவது.

2. ஒரு மாதத்துக்குள்: ஆண்டுவாரியான கணக்குகளையும் வைப்புத்தொகைப் பட்டியலையும் அச்சிட்டு, பக்க எண் போட்டு, நிர்வாகிகள் கையொப்பத்தோடு கட்டிவைப்பது. தாளுக்கு இயங்குதளம் தேவையில்லை.

3. மூன்று மாதத்துக்குள்: பழைய எழுத்துருவில் உள்ள தீர்மானங்களை யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றியதை மூலத்தோடு ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒப்பிட வேண்டும். எண்களும் பெயர்களும் தவறினால் மாற்றியும் பயனில்லை. மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் அழிக்காமல் வைக்க வேண்டும்.

4. அதன்பின் புதிய கணினி. பழைய கணக்கு மென்பொருள் அதில் ஓடாவிட்டால், மெய்நிகர் கணினி என்ற முறையில் எக்ஸ்பியை ஒரு ஜன்னலுக்குள், இணையத் தொடர்பு இல்லாமல், பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

5. புதிய கணினிக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது. மாதம் ஒருமுறை திருத்தங்கள் போட்டாயிற்றா, நகல் எடுத்தாயிற்றா, எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் கையெழுத்திட வேண்டும்.

ஐந்தாவதுதான் செலவே இல்லாதது. நடைமுறையில் கடினமானதும் அதுதான்.

இது சங்க அலுவலகத்தோடு முடியும் விஷயமும் அல்ல. 2015-ல் வந்த விண்டோஸ் 10-இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிப்பட்ட பயனாளர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாததால், நல்ல நிலையில் ஓடும் கணினிகள் பல அதற்கு மாற முடியாது. அப்படிப்பட்டவற்றுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. உங்கள் வீட்டுக் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இந்த வாரம் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், குடும்பப் புகைப்படங்கள், வில்லங்கச் சான்று என்று எது இருந்தாலும் முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு, பிறகு மற்றதை யோசியுங்கள்.

நகல் எடுப்பதிலோ பழைய எழுத்துருவை மாற்றுவதிலோ உதவி தேவைப்படுவோர் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வரலாம். எழுத்துரு மாற்றும் வேலைக்கு வாசிக்க ஒருவர், ஒப்பிட ஒருவர் என்று நான்கு ஜோடித் தன்னார்வலர்கள் கிடைத்தால் இருபது ஆண்டுத் தீர்மானங்களையும் பொதுக்குழுவுக்கு முன்பே முடித்துவிடலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுங்கள்.